வயது வந்த பிறகு திருமுழுக்கு: திருகோணமலையில் எங்கே தொடங்குவது, என்ன கொண்டுபோவது, எப்படிச் செபிப்பது

சைவக் குடும்பத்தில் பிறந்து, வயது வந்த பிறகு திருமுழுக்குப் பெற்று (ஞானஸ்நானம் என்பதும் இதுதான்) கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். யாரைக் கேட்பது, எந்தப் பத்திரம் வேண்டும், எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஒழுங்காக ஓர் இடத்தில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்தார். பிறவிக் கத்தோலிக்கர்களைக் கேட்டுப் பயனில்லை. அவர்களுக்கு எல்லாம் தொட்டில் பருவத்திலேயே முடிந்துவிட்டது.

பத்திரம் சேர்ப்பதும் வகுப்புக்குப் போவதும் ஒரு வேலை. கடவுளை நேசிக்கப் பழகுவது வேறு வேலை. முதலாவது முடிந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அப்படி வருவதில்லை. இரண்டையும் ஒரே கிழமையில் தொடங்குங்கள். அதனால்தான் செபத்தைப் பத்திரங்களுக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

1. முதலில் எந்த வாசலைத் தட்டுவது

நீங்கள் குடியிருக்கும் இடம் எந்தப் பங்கை, அதாவது எந்தக் கோயிலின் பகுதியைச் சேர்ந்தது என்று விசாரியுங்கள். நகரத்துக்குள் புனித மரியாள் பேராலயம் இருக்கிறது, குவாடலூப்பே அன்னை ஆலயம் இருக்கிறது. பாலையூற்றுப் பக்கம் லூர்து அன்னை திருத்தலம். உப்புவெளி, நிலாவெளி, மூதூர்ப் பக்கம் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர் ஒருவரைக் கேட்டாலே எந்தப் பங்கு என்று சொல்லிவிடுவார். பேராலயம் பெரிது என்பதற்காக அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. வாராவாரம் உங்களால் நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய கோயில்தான் உங்களுக்கு நல்லது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு பங்குத்தந்தையை (பங்குக்குப் பொறுப்பான குருவை) பிடிக்கப் பார்க்காதீர்கள். அவரைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். நீங்கள் சொல்வது காதில் விழாது. வார நாளில் மாலைப் பூசைக்குப் பிறகு போங்கள், அல்லது பங்குப் பணிமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். நத்தாருக்கு முந்திய கிழமையிலும் ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்திலும் வேண்டவே வேண்டாம். அழைப்பது "ஃபாதர்" என்றாலும் சரி, பழைய ஆட்களைப் போல "சுவாமி" என்றாலும் சரி.

முதல் சந்திப்பிலேயே மூன்று விடயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: முன்பு எந்தச் சபையிலாவது திருமுழுக்கோ ஞானஸ்நானமோ பெற்றிருக்கிறீர்களா, திருமணம் முடித்தவரா (முடித்தவர் என்றால் எப்படி முடித்தீர்கள்), ஏன் வர விரும்புகிறீர்கள். மூன்றாவதற்கு அழகான பதில் தேவையில்லை. "காதலிக்கிற பிள்ளை கத்தோலிக்கம்" என்பதுதான் உண்மை என்றால் அதையே சொல்லுங்கள். அப்படித் தொடங்கி ஆழமாகப் போனவர்கள் உண்டு. ஒளித்துவைத்தால்தான் பின்னால் சிக்கல்.

நான் போனபோது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கையில் வைத்திருந்தேன். பங்குத்தந்தை அவற்றைப் பார்க்கவே இல்லை. "தம்பி, இப்ப நீங்கள் கடவுளோட கதைக்கிறனீங்களோ?" என்று கேட்டார். "பயம் வந்தாக் கதைப்பன், ஃபாதர்" என்றேன். "நல்லது. இனிப் பயம் இல்லாத நாளிலயும் கதையுங்கோ. மற்றதுகளை ஆறுதலாப் பாப்பம்" என்றார்.

அரச அனுமதி ஏதும் எடுக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். விரும்பிய மதத்தைத் தழுவும் உரிமை இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடமோ கச்சேரியிலோ அறிவிக்க எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. "நாளைக்கே முழுக்குத் தருகிறோம், வருத்தம் மாறும், வெளிநாட்டுப் பயணம் சரிவரும்" என்று சொல்லிக் காணிக்கை கேட்கும் வீட்டுச் செபக் கூட்டம் எதிலாவது மாட்டிக்கொள்ளாதீர்கள். கத்தோலிக்க வழியில் ஒரே நாளில் எதுவும் நடக்காது. நடக்காமல் இருப்பது நல்லதுக்குத்தான்.

2. அன்றிரவே தொடங்க வேண்டியது: நாளுக்குப் பதினைந்து நிமிடம்

முதலில் ஒரு விவிலியம் வாங்குங்கள். இங்கேதான் முதல் தடுமாற்றம். கடையில் "தமிழ் பைபிள்" என்று கேட்டால் பெரும்பாலும் சீர்திருத்தச் சபைகள் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பைத்தான் தருவார்கள். அதில் 66 நூல்கள். கத்தோலிக்க விவிலியத்தில் 73. பூசையில் வாசிப்பது பொது மொழிபெயர்ப்பு. அதைக் கேட்டு வாங்குங்கள். பங்குப் பணிமனையிலோ அருட்சகோதரிகளிடமோ விசாரித்தால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே மற்றது கையில் இருந்தால் வீசத் தேவையில்லை, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்திகள் இரண்டிலும் உண்டு. வகுப்பில் பக்கம் தேடும்போதுதான் திண்டாட வேண்டியிருக்கும்.

முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்காதீர்கள். லேவியர் நூலில் களைத்து நின்றுவிடுவீர்கள். மாற்கு நற்செய்தியை எடுங்கள். 16 அதிகாரம்தான். நாளுக்கு ஒரு சிறு பகுதி, பத்துப் பன்னிரண்டு வரி போதும்.

இடம் ஒன்றைப் பிடியுங்கள். எங்கள் வீட்டில் தனியறை கிடையாது. சாமியறையில் அம்மா விளக்கு வைப்பா, முன்னறையில் டிவி. நான் கிணற்றடித் துவைகல்லில் இருந்துதான் தொடங்கினேன். விடியப்புறம், யாரும் வாளி எடுத்துக்கொண்டு வருவதற்கு முன். கடற்றொழிலுக்குப் போகிறவர்களுக்கு விடியப்புறம் சரிவராது. கரைக்கு வந்து வலை உலரப் போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் வேலைக்காரருக்கு ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸே போதும். எந்த நேரம் என்பது முக்கியமில்லை; தினமும் அதே நேரமாக இருக்க வேண்டும். கைபேசியைத் தொடுவதற்கு முன்பாக இருந்தால் இன்னும் நல்லது.

செய்வது இவ்வளவுதான். அந்தப் பகுதியை மெல்ல, வாய்விட்டு வாசியுங்கள். எந்த வரி உங்களை நிறுத்துகிறதோ அங்கே நில்லுங்கள். நிறுத்தாவிட்டால் இன்னொரு முறை வாசியுங்கள். அப்புறம் அந்த வரியைப் பற்றிக் கடவுளோடு கதையுங்கள், உங்கள் வீட்டுத் தமிழிலேயே. கோபம் இருந்தால் கோபத்தைச் சொல்லுங்கள். விவிலியத்தின் திருப்பாடல்களில் நிறைய முறைப்பாடுதான். நீங்கள் சொல்லப்போவது எதுவும் அவருக்குப் புதிதாக இருக்காது. கடைசி மூன்று நான்கு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள். சைவ வீட்டில் வளர்ந்த நமக்குச் "சும்மா இரு" என்பது எவ்வளவு கனமான சொல் என்று தெரியும். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவாருங்கள், தடையில்லை.

இரவில் படுக்கும் முன் இன்னொரு ஐந்து நிமிடம். இன்று எதற்காக நன்றி சொல்ல வேண்டும், எங்கே அவர் கூப்பிட்டும் நான் போகவில்லை, நாளைக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்றே கேள்விகள். கொப்பியில் எழுத விரும்பினால் ஒரு வரி எழுதுங்கள்.

முதல் இரண்டு கிழமை இனிக்கும். பிறகு வறண்டுபோகும். இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கிறது, ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாசிப்பது வெறும் எழுத்தாகத் தெரியும், நித்திரை வரும், "எனக்கு இது சரிவராது" என்று தோன்றும். அப்போது நேரத்தைக் குறைக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம். பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டு எழும்புங்கள். கெத்செமனியில் சீடர்களே தூங்கித்தான் போனார்கள். மாற்கு 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசு வந்து எழுப்பினார், துரத்தவில்லை.

இன்னொரு பொறி கண்ணீர். சில செபக் கூட்டங்களில் பக்கத்தில் நிற்பவர் விம்மி அழுவார், கைகளை உயர்த்துவார். உங்களுக்கு ஒன்றும் வராது. அவர் கடவுளுக்குக் கிட்ட, நான் தூர என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உணர்ச்சி சிலருக்கு வரும், சிலருக்கு வராது, அதே ஆளுக்கே ஒருநாள் வரும், மறுநாள் வராது. நெருக்கத்தை அளக்க வேண்டுமென்றால் வேறு இடத்தில் பாருங்கள்: வாங்கிய கடனைச் சொன்ன திகதியில் கொடுக்கிறீர்களா, அம்மாவோடு பேசும்போது குரல் இறங்கியிருக்கிறதா, நீங்கள் வெறுத்த ஆளின் பெயரைச் செபத்தில் சொல்ல முடிகிறதா.

எது முதன்மையான கட்டளை என்று ஒரு மறைநூல் அறிஞர் இயேசுவைக் கேட்கும் இடம் மாற்கு 12இல் வருகிறது. முழு இதயத்தோடும் முழு உள்ளத்தோடும் முழு மனத்தோடும் முழு ஆற்றலோடும் கடவுளை நேசிக்க வேண்டும் என்பதுதான் பதில். அடுத்த மூச்சிலேயே அயலானும் வந்துவிடுகிறார். அந்தப் பகுதிக்கு வரும்போது ஒரு கிழமை அங்கேயே தங்குங்கள். "முழு" என்றால் உங்கள் நாளில் எதெல்லாம் அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். என் விடயத்தில் இதயமும் மனமும் சிரமப்படவில்லை. ஆற்றல் என்பது நேரமும் காசும்தான் என்று புரிந்தபோது கை இழுத்தது.

வேண்டுதல் வைப்பது பிழையில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நவநாளும் நேர்த்தியும் மட்டுமே உங்கள் செபம் என்று ஆகிவிட்டால், காரியம் முடிந்ததும் செபமும் முடிந்துவிடும். ஆகஸ்ட் 15இல் மடு மாதா திருத்தலத்துக்குப் போய் வருவதும் அப்படித்தான். போங்கள், நல்ல அனுபவம். திரும்பி வந்த மறுநாள் காலை அந்தப் பதினைந்து நிமிடம் இருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

3. பத்திரங்கள்

பங்குக்குப் பங்கு சின்ன வித்தியாசம் இருக்கும். பொதுவாகக் கேட்பவை இவை:

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி, திருமணமானவர் என்றால் விவாகச் சான்றிதழ், ஞானப்பெற்றோரின் (திருமுழுக்கில் உங்களுக்குத் துணை நிற்கும் கத்தோலிக்கர்) திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் (எண்ணெய் பூசி நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கு) பற்றிய சான்று, முன்பு வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அதன் சான்றிதழ்.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள், மங்கிப்போனவர்கள் திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில், அல்லது உங்கள் பகுதிப் பிரதேச செயலகத்தில் புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். காலையிலேயே போங்கள். பிறந்த திகதி, பெற்றோர் பெயர், பதிவு இலக்கம் தெரிந்தால் வேலை சுருங்கும். இலக்கம் தெரியாவிட்டால் தேடுவதற்கு நேரம் எடுக்கும்.

என்னை அலைக்கழித்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. இதைத் திருத்தினால்தான் பதிவு செய்யலாம் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் தேவையே இல்லை என்றார்கள். கடைசியில் பங்குத்தந்தை பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுவோம் என்று முடித்தார். ஆகவே எழுத்து வித்தியாசம் இருந்தால் கந்தோர் கந்தோராக ஓடுவதற்கு முன் அவரிடம் இரண்டையும் காட்டிக் கேளுங்கள். திருத்தம் செய்வது வேறு காரணங்களுக்கு நல்லதுதான், ஆனால் அது மாதக் கணக்கில் இழுபடக்கூடிய வேலை. திருமுழுக்கை அதோடு கட்டிப்போடாதீர்கள்.

பெயர் என்றதும் இன்னொரு பயம். அந்தோனி, மேரி என்று மாற வேண்டுமா? சட்டப்படி உங்கள் பெயர் அப்படியே இருக்கும். திருமுழுக்குக்கு ஒரு புனிதரின் பெயரைத் தெரிந்துகொள்ளும் வழக்கம் இருக்கிறது, கட்டாயம் அல்ல. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணில்லாத பெயராக இருந்தால் போதும் என்பதே திருச்சபைச் சட்டம். அடையாள அட்டை, பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எதையும் மாற்றாதீர்கள்.

குழந்தையில் திருமுழுக்குப் பெற்று, இடப்பெயர்விலோ சுனாமியிலோ பத்திரம் போனவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். கோயில் பதிவேடே அழிந்த இடங்களும் உண்டு. அவர்கள் மீண்டும் திருமுழுக்குப் பெறக் கூடாது; அது வாழ்நாளில் ஒருமுறைதான். யாருக்கும் பாதகம் இல்லாத நிலையில், நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும் என்று திருச்சபைச் சட்டம் 876 சொல்கிறது. ஞானத்தாயோ பெரியம்மாவோ உயிரோடு இருந்தால் அழைத்துக்கொண்டு போங்கள். இப்போதே போங்கள், அவர்களுக்கும் வயதாகிறது.

மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளிலிருந்து வருபவர்களுக்கும் மறுமுழுக்கு இல்லை. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் பெற்ற ஞானஸ்நானம் ஏற்கப்படும். நம்பிக்கை அறிக்கை செய்து, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் (பூசையில் வாங்கும் திருவுணவு) பெற்று முழு ஒன்றிப்புக்குள் வருவார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவகை. எந்த வார்த்தைகளைச் சொல்லி முழுக்குக் கொடுத்தார்கள் என்று பங்குத்தந்தை விசாரிப்பார்.

4. திருமணம்: முதல் நாளே சொல்ல வேண்டியது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். கடைசிக் கட்டத்தில் வந்து நின்றுபோகும் வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான்.

கணவன் மனைவி இருவருமே திருமுழுக்குப் பெறாதவர்கள், முறையாகத் திருமணம் முடித்தவர்கள் என்றால் பிரச்சினை இல்லை. மீண்டும் கலியாணம் கட்டத் தேவையில்லை. ஒருவர் மட்டும் சேர்ந்தாலும் அந்தத் திருமணம் திருமணம்தான்.

துணைவர் கத்தோலிக்கர், ஆனால் கோயிலில் அல்லாமல் பதிவாளர் முன் மட்டும் எழுத்து வைத்தீர்கள் என்றால், திருச்சபை அந்தத் திருமணத்தை இன்னும் ஏற்கவில்லை. திருமுழுக்கோடு சேர்த்து அதைச் சீர்படுத்த வேண்டும். எளிய சடங்குதான், ஆனால் அதற்கும் தனிப் பத்திரங்கள் உண்டு.

உங்களுக்கோ துணைவருக்கோ முன்னொரு திருமணம் இருந்து, மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து ஆகியிருந்தால் அந்தத் தீர்ப்பின் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு உடனே சொல்லுங்கள். அரச விவாகரத்து மட்டும் திருச்சபைக்குப் போதாது. மறைமாவட்டத் தீர்ப்பு மன்றம் (திருச்சபையின் சொந்த நீதிமன்றம்) பார்க்க வேண்டும். எவ்வளவு காலம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. காத்திருக்கும் காலத்தில் பூசைக்கு வரலாம், வகுப்புக்கு வரலாம், செபிக்கலாம். கடவுளோடு நெருங்குவதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.

5. ஞானப்பெற்றோர்

ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், கத்தோலிக்கராக, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றவராக, அந்த வாழ்க்கையை வாழ்பவராக இருக்க வேண்டும். உங்கள் அப்பா அம்மா ஆக முடியாது. வெளிநாட்டில் இருக்கும் வசதியான நண்பரைப் பிடிக்காதீர்கள். "இண்டைக்கு ஏன் பூசைக்கு வரேல்ல?" என்று வீட்டுக்கே வந்து கேட்கக்கூடிய பக்கத்து ஒழுங்கை அன்ரிதான் உங்களுக்கு வேண்டியவர்.

6. காலக்கணக்கு

வயது வந்தோரின் திருமுழுக்குக்கு உரிய இரவு பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்திய சனி இரவு வழிபாடு. ஆகவே அந்த இரவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2027ஐ எடுத்துக்கொண்டால் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மார்ச் 28. திருவிழிப்பு மார்ச் 27 சனி இரவு. ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பெப்ரவரி 10. தவக்கால முதல் ஞாயிறு பெப்ரவரி 14. அன்றுதான் திருமுழுக்குப் பெறப்போகிறவர்களின் பெயர் எழுதும் சடங்கு, ஆயரோ (பிஷப்) அவர் நியமிக்கும் குருவோ நடத்துவார். காதலர் தினம் அன்று, பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது. பிறகு தவக்காலத்தின் 3ஆம், 4ஆம், 5ஆம் ஞாயிறுகளில் உங்களுக்காகச் சிறப்பு மன்றாட்டு நடக்கும். சமாரியப் பெண், பிறவிக்குருடர், இலாசர் ஆகியோரின் கதைகள் யோவான் நற்செய்தியிலிருந்து வாசிக்கப்படும். அந்த மூன்றையும் முன்கூட்டியே வீட்டில் வாசித்துக்கொண்டு போங்கள்.

வகுப்புகளுக்குப் பொதுவாக ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூடலாம், குறையலாம், முடிவு பங்குத்தந்தையுடையது. தைப்பொங்கலுக்குப் பிறகு போய் "இந்தப் பாஸ்காவுக்கே தாருங்கள்" என்று கேட்டால் அனேகமாக அடுத்த வருடம் என்றுதான் பதில் வரும்.

திருகோணமலைக்கே உரிய இரண்டு கணக்குகள். கார்த்திகை, மார்கழி மாரியில் மூதூர், தம்பலகாமம் பக்கத்திலிருந்து வகுப்புக்கு வருவது சீராக இருக்காது. ஆகவே சித்திரை வைகாசியிலேயே போய்ப் பெயர் கொடுங்கள், மழைக்கு முன் பாதிப் பாடமாவது முடிந்துவிடும். மற்றது, நிலாவெளி உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்பவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை ஞாயிறு லீவு கிடைக்காது. சனி மாலைப் பூசை ஞாயிறு கடமைக்குப் போதும். வகுப்பையும் வேறு நாளுக்கு மாற்றித் தரச் சொல்லி மறைக்கல்வி ஆசிரியரிடம் முதலே கேளுங்கள். கேட்டால் பார்த்துச் செய்வார்கள்.

கடும் நோயாளிக்கு இந்த அட்டவணை கிடையாது. மரண ஆபத்தில் குருவுக்குச் சொல்லியனுப்பினால் உடனே வருவார். அதற்கும் நேரமில்லை என்றால் யாரும் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கலாம்.

7. வகுப்பும் ஞாயிறும்

வகுப்பில் மனப்பாடம் செய்ய இருக்கிறது: பரலோக மந்திரம், மங்கள வார்த்தை செபம், நம்பிக்கை அறிக்கை, பத்துக் கட்டளைகள், ஏழு அருட்சாதனங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சபையின் அடிப்படைச் சடங்குகள்). பாடமாக்குவது சின்னப்பிள்ளை வேலை என்று நினைக்காதீர்கள். வறண்ட காலையில் சொந்தச் சொல் வராதபோது இவைதான் கைகொடுக்கும். கேள்வி இருந்தால் கேளுங்கள். முழு மனத்தோடு என்றால் கேள்வியும் அதில் சேர்த்தி.

பூசையில் நற்கருணை வாங்கும் வரிசையில் நீங்கள் இன்னும் போக முடியாது. எல்லோரும் எழும்பிப் போக, நீங்கள் மட்டும் வாங்கில் இருப்பது முதல் சில ஞாயிறு கூச்சமாக இருக்கும். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். "எனக்கும் வேணும்" என்று அவரிடமே சொல்லிக்கொண்டிருங்கள்.

குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் பற்றிப் பயந்து பின்வாங்குபவர்கள் உண்டு. திருமுழுக்குப் பெறாதவர் அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்வதில்லை. திருமுழுக்கே எல்லாப் பாவங்களையும் போக்கும். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்று வருபவர்தான் செய்ய வேண்டும்.

8. செலவு

அருட்சாதனத்துக்கு விலை இல்லை. பங்கில் ஒரு சிறு காணிக்கை வழக்கம் இருக்கலாம். இல்லாதவரிடம் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. உண்மையான செலவுகள்: விவிலியம், சான்றிதழ்ப் பிரதிக் கட்டணம், போட்டோக்கொப்பி, பஸ் காசு, வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி. வெள்ளைச் சேர்ட் வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

காசு கரைவது விருந்திலும் படப்பிடிப்பிலும்தான். மண்டபம், கேக், வீடியோக்காரன் என்று கடன்பட்டு, அந்த இரவு முழுக்கச் சாப்பாட்டுப் பார்சலைப் பற்றியே யோசித்துக்கொண்டு நின்ற குடும்பத்தைத் தெரியும். கோயில் வாசலில் எல்லோருக்கும் தேத்தண்ணியும் பணிசும் கொடுத்தால் தாராளம்.

9. வீட்டில்

பலருக்கு இதுதான் பெரிய படி. சைவ வீட்டில் "பிள்ளை வேதத்துக்கு மாறிட்டான்" என்பது சாவு வீடு மாதிரி ஆகலாம். திருமுழுக்குக்கு முந்திய கிழமை சொல்லாதீர்கள். தொடக்கத்திலேயே, வெளியாட்கள் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம். அம்மா கோணேசர் தேருக்குப் போக வேண்டும் என்றால் ஓட்டோ பிடித்துக் கொடுங்கள், பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போங்கள். அப்பாவின் திவசம், ஆடி அமாவாசை போன்றவற்றில் எதில் கூட நிற்கலாம், எதைச் செய்யாமல் விட வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் முடிவெடுக்கப் போனால் யாரையாவது புண்படுத்துவீர்கள். கண்ணால் காணும் சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்று யோவானின் முதல் திருமுகத்தில் இருக்கிறது. வீட்டில் அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம், செய்யுங்கள்.

பிள்ளைகள் இருந்தால் ஒரு குறிப்பு: ஏழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரின் சம்மதத்தோடு குழந்தைகளாகத் திருமுழுக்குப் பெறுவார்கள். அதற்கு மேற்பட்டவர்களுக்கு அவர்களுக்கே மறைக்கல்வி வேண்டும்.

10. பாஸ்கா இரவு

பெரிய வெள்ளி ஒருசந்தி. 18 வயது முதல் 59 வரை நோன்பு, 14 வயதிலிருந்து இறைச்சி தவிர்ப்பு. சனி இரவு நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை.

வழிபாடு நீளம். புதுத் தீ, பாஸ்காத் திரி, வரிசையாக வாசகங்கள், பிறகுதான் உங்கள் முறை. துவாயும் மாற்று உடுப்பும் ஞானத்தாயிடம் கொடுத்துவையுங்கள். தலையைக் குனிந்து நிற்கும்போது தண்ணீர் பின்கழுத்தால் முதுகுக்குள் இறங்கும், சேர்ட் ஒட்டிக்கொள்ளும், கிறிஸ்மா எண்ணெயின் வாசம் நெற்றியிலிருந்து மூக்குக்கு வரும். படம் எடுக்கும் தம்பிமாரைப் பார்க்காதீர்கள். உறுதிப்பூசுதலுக்கு ஆயர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; திருமுழுக்குக் கொடுக்கும் குருவே அதே இரவில் கொடுப்பார், முதல் நற்கருணையும் அப்போதே.

11. அடுத்த திங்கட்கிழமை

அன்று காலையும் அதே பதினைந்து நிமிடம். பெந்தகோஸ்துத் திருவிழா வரையிலான 50 நாளில் வகுப்பு தொடர்ந்தால் விடாதீர்கள். பலர் சான்றிதழ் கிடைத்ததும் காணாமல் போவது இந்த 50 நாளில்தான். அயல் வீட்டுக் கத்தோலிக்கர்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்குப் போங்கள். நற்செய்தி மாற்கு முடிந்திருந்தால் லூக்காவைத் தொடங்குங்கள்.

பதிவேட்டில் உங்கள் பெயர், பிறந்த திகதி, ஞானப்பெற்றோர் பெயர் சரியாக எழுதப்பட்டதா என்று அந்தக் கிழமையே போய்ப் பாருங்கள். பிழை இருந்தால் எழுதியவருக்கு எல்லாம் நினைவில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். சான்றிதழில் உள்ள பதிவு இலக்கத்தையும் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் கோயிலில் திருமணம் முடிக்கும்போது புதிதாக எடுத்த பிரதி கேட்பார்கள், பழையது செல்லாது. கொழும்பிலோ கனடாவிலோ இருந்தாலும் அதை இந்தப் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.